மூன்று சுற்று பிளாட்டினம்

தீபு கடைசியாக அக்காவின் கையில் கொடுத்தது தன் செருப்பை.

கர்க்கடகம் என்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டு அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து இருவரும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏலாவுக்கு இறங்கும் மண்பாதை வந்ததும் தீபு வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினான். தாழ்ந்த வயல்பரப்பைப் பாறசாலைப் பக்கம் ஏலா என்பார்கள். நெல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, இப்போது எல்லாம் வாழைதான்.

“நீ வண்டிய எடுத்துட்டுப் போக்கா. நான் வாழையப் பாத்துட்டு வாறேன்.”

“வெள்ளம் கெடக்குலே.”

“முட்டளவுதான் உண்டு. நாலு மூடு சாஞ்சு கெடக்குன்னு சுயம்பண்ணன் சொன்னாரு.”

பேன்ட்டை முட்டிக்குமேல் சுருட்டினான். செருப்பைக் கழற்றி நீட்டினான். “இதையும் கொண்டு போ. சேத்துல பூந்துச்சுன்னா பிறகு தேடணும்.”

அஸ்வதி அதை வாங்கி வண்டியின் முன்கொக்கியில் தொங்கிய பைக்குள் போட்டாள். “சீக்கிரம் வா. சோறு ஆறிப்போவும்.”

“மோர சோத்துல ஊத்தி வெச்சிராத. தனியா வை.”

அவ்வளவுதான் பேச்சு. ஒரு மணி நேரத்தில் வந்தான், குளித்தான், தனியாக வைத்திருந்த மோரைக் குடித்தான், தூங்கினான். நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் உளைகிறது என்றான். கண் சிவந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது டாக்டர் முதலில் பார்த்தது அவன் பாதத்தை. பெருவிரலுக்குப் பக்கத்தில், ஆய்வுக்கூடத்துத் தகரம் எப்போதோ கீறிய ஒரு சின்னக் கோடு. “வெள்ளத்தில் வெறுங்காலோடு நடந்தானா?” என்று கேட்டார். எலிப்பனி என்றார், எலிக்காய்ச்சல். எட்டாம் நாள் காலையில் தீபு போய்விட்டான். இருபத்தொன்பது வயது.

நடந்தான் என்று டாக்டருக்குப் பதில் சொன்னவள் அஸ்வதிதான். செருப்பை வாங்கிக்கொண்டவள் நான் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

தனுவச்சபுரத்தைத் தாண்டி, பழைய முந்திரி ஆலை ஒன்றை வெள்ளையடித்து ஒரு டிரஸ்ட் ஆய்வுக்கூடம் நடத்தியது. அதில்தான் தீபு ஆராய்ச்சி செய்தான். பாறசாலைப் பக்கம் வீட்டுக்கு வீடு ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடு உண்டு. உள்ளே வேலை செய்யும் பெண்களுக்குத் தலைவலி ஓயாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை, அதிகச் சூடில்லாமலே தீங்கற்ற வாயுவாக மாற்றும் ஒரு பொடியைச் செய்ய வேண்டும், அதைப் புகைபோக்கியில் வைக்க வேண்டும். ஏழு வருடமாக அவனுக்கு இதே நினைப்பு.

பொடி என்றால் அலுமினா, வெள்ளை மாவு. அதன்மேல் பிளாட்டினத்தை மிகச் சின்ன மணிகளாக வளர்க்க வேண்டும். அதற்கான கருவியைத் தீபு தானே பொருத்தினான்: எஃகுக் குழாய், வெற்றிட பம்பு, இரண்டு வால்வுகள், அவற்றுக்கு இரண்டு சுவிட்சுகள். காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் முதலில் பிளாட்டினம் கலந்த மருந்தின் ஆவியை விடுவார்கள். அது மாவின்மேல் ஒட்டும். ஒட்டாத மிச்சத்தை ஆர்கான் வாயு அடித்துக்கொண்டு போகும். பிறகு ஆக்சிஜன். மருந்தில் உள்ள தேவையற்றதை அது எரித்துவிட்டு உலோகத்தை மட்டும் நிறுத்தும். மறுபடி ஆர்கான். இது ஒரு சுற்று.

“பெயின்ட் அடிக்கிற மாதிரி இல்லக்கா இது,” என்று அவன் விளக்கியிருந்தான். “ஒரு சுத்துல எத்தன அணு ஒட்ட எடம் உண்டோ அத்தனதான் ஒட்டும். இன்னும் ஊத்தினாலும் கேக்காது. அடுத்த சுத்து வந்தாத்தான் அடுத்தது.”

“அப்ப மாவு முழுக்க வெள்ளித் தகடு மாதிரி மூடிப்போவுமா?”

“அதுதான் இல்ல. சேம்பெலையில வெள்ளம் நிக்கியது கண்டிருக்கியா? பரவாது, உருண்டு உருண்டு நிக்கும். பிளாட்டினமும் அப்படியாக்கும். சுத்து கொறஞ்சா மணி ரொம்பப் பொடியாப்போவும், வேல செய்யாது. கூடினா ஒண்ணோடொண்ணு ஒட்டிப்போவும், அதும் வேல செய்யாது. எத்தன சுத்துன்னு உள்ள எண்ணம்தான் எல்லாம்.”

ஒரு கையால் வால்வையும் இன்னொரு கையால் சூட்டையும் பார்க்க முடியாததால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவான். அன்றுதான் அவளுடைய கடைக்கு விடுமுறை. அப்பா செல்லசாமி நாற்பது வருடம் நடத்திய மாட்டுத்தீவனக் கடை. அவருக்கு முட்டிவலி வந்து உட்கார்ந்துவிட்டபின் அஸ்வதிதான் தவிடும் பிண்ணாக்கும் அளக்கிறாள். தீபு ஸ்டாப்வாட்சையும் வெப்பமானியையும் பார்த்துக்கொண்டு “தொற” என்பான், “அடை” என்பான். அவள் சுவிட்சைத் தட்டுவாள், சுற்றை எண்ணுவாள், நோட்டில் எழுதுவாள். “எத்தன ஆச்சுக்கா?” “ரெண்டு.” “அப்ப இன்னொண்ணு.” அப்படிச் செய்த பொடி நூற்றுப்பத்து டிகிரியிலேயே வேலை செய்தது. மூன்று சுற்று பிளாட்டினம் போதும் என்று எழுதிய கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. தீபு இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

ஐப்பசியில், துலா மாதத்தில் ஷீனா கடைக்கு வந்தாள். தீபுவுக்குக் கீழே சேர்ந்த மாணவி. பெருங்கடவிளையிலிருந்து பஸ்ஸில் வருபவள். குடையை மடக்காமல் கடை வாசலிலேயே நின்றாள்.

“சேச்சி, அந்தப் பொடி வரல்ல.”

“வரல்லன்னா?”

“நான் செஞ்சு நோக்கினேன். நாலு தடவ. நோட்டுல உள்ள அதே சூடு, அதே நேரம், அதே மூணு சுத்து. நூத்தி எழுவதுலயும் சும்மா கெடக்குது, வெறும் மாவு போல.” அவள் குரல் உடைந்தது. “நான் மட்டும் இல்ல. வெளிநாட்டுல ஒரு கூட்டர் செஞ்சு பாத்து, வரல்லன்னு பத்திரிகைக்கு எழுதிட்டாங்க. முப்பது நாள்ல பதில் சொல்லணும். இல்லன்னா கட்டுரையத் திரும்ப எடுக்கணும். இதுல பத்து நாள் போச்சு.”

“திரும்ப எடுத்தா என்ன?”

ஷீனா அவளைப் பார்க்கவில்லை. “சாரையே கேளுங்க சேச்சி.”

அன்று அஸ்வதி கடையில் இருப்புக் கொள்ளவில்லை. அளந்ததையே மறுபடி அளந்தாள். திறந்த சாக்கைக் கட்டி, கட்டியதை அவிழ்த்தாள். மத்தியானத்துக்கு மேல் பாதி ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

ராஜீவ் சார் தீபுவின் வழிகாட்டி. நல்ல மனிதர். தீபுவின் காரியங்கள் முடியும்வரை பதினாறு நாளும் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“இருங்க அஸ்வதி. ஷீனா சொல்லியிருப்பா.”

“பாதி சொன்னா. பாக்கி சாருதான் சொல்லணும்.”

அவர் மேசைமேல் இருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அஸ்வதியின் கையெழுத்து. நீலமை.

“தீபு செஞ்ச பழைய பொடி ஒரு டீஸ்பூன் மிச்சம் இருந்துது. வெளிய அனுப்பிப் பரிசோதிச்சோம். மூணு சுத்துக்கு எவ்வளவு பிளாட்டினம் வரணுமோ, அதவிட மூணுல ஒரு பங்கு கூடுதல் இருக்கு. அந்தக் கூடுதல் எங்கேருந்து வந்துது?”

“எங்கேருந்து சாரே?”

அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “கம்பெனிக்காரங்க பிளாட்டினம் கூடுதலாப் போட்டு விக்கிற பொடி உண்டு. நல்லா வேல செய்யும். அதுல ஒரு நுள்ளு அள்ளிப் போட்டாப் போதும்.”



“எனக்க தம்பி கலப்படம் செஞ்சான்னு சொல்லுதியளா?”

“நான் சொல்லல. மத்தவங்க கேப்பாங்க. எனக்குப் பதில் இல்ல.”

கலப்படம். தவிட்டில் உமியைக் கலந்து விற்கும் கடைகள் பாறசாலையிலிருந்து களியக்காவிளைவரை எத்தனையோ உண்டு. செல்லசாமி கடைத் தவிட்டைப் பற்றி நாற்பது வருடத்தில் ஒருவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அஸ்வதிக்குக் காது இரண்டும் சூடாயின.

“சாரே, நான் கூட நின்னேன். அவன் ஒண்ணும் அள்ளிப் போடல்ல.”

“சுத்து மூணுதானா? நல்லா ஓர்த்துப் பாருங்க. ஒருவேள எங்கயாவது கூடியிருந்தா...”

“மூணு. நானாக்கும் எண்ணினது. அண்ணைக்கும் மூணு, அதுக்கு முந்தி செஞ்சப்பவும் மூணு. எங்க அப்பாமேல சத்தியமா மூணு.”

அவர் நோட்டை மூடினார். மூடிய விதத்திலிருந்து அவளுக்கு விளங்கியது. தம்பிக்கு இருந்த ஒரே வழியைத் தன் சத்தியத்தால் அடைத்துவிட்டாள். சுற்று கூடியிருந்தால் அது பிழை. கூடவில்லை என்றால் அது ஏமாற்று.

“மூணுன்னா பிறகு ஒண்ணும் செய்யுயதுக்கில்ல,” என்றார் ராஜீவ் மெதுவாக. “அடுத்த வெள்ளிக்குள்ள எழுதிருவேன். அவன் பேர முடிஞ்சவர காப்பாத்தித்தான் எழுதுவேன்.”

முடிஞ்சவர. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் வண்டிக்கு முன்னால் ஓடியது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு வெப்ராளம் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. அம்மா கிருஷ்ணம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிடுவாள். இவள் முற்றத்தில் நின்று தென்னையில் எத்தனை ஓலை என்று எண்ணிக்கொண்டிருப்பாள். மூணுல ஒரு பங்கு கூடுதல். தராசில் கல் ஒட்டியிருந்ததா? மருந்துக் குப்பியில் பழையது தங்கியிருந்ததா? தீபு ஒரு நாளாவது அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக நின்றானா? கடைசிக் கேள்வி வந்ததும் தன்மேலேயே அருவருப்பு வரும். வந்தபிறகு போகாது.

வியாழக்கிழமை சுயம்பண்ணன் தவிடு வாங்க வந்தார். சாக்காக வாங்குகிறவர்களுக்குத் தராசு. இவரைப்போல ஒற்றை மாட்டுக்காரர்களுக்கு இரும்புப் படி. “பத்துப் படி போடு மக்கா,” என்று சொல்லிப் பையை விரித்துப் பிடித்தார்.

“லாபம்,” என்று முதல் படியைக் கொட்டினாள் அஸ்வதி. “ஒண்ணு. ரெண்டு. மூணு...”

எங்கோ ஓரிடத்தில் படி அந்தரத்தில் நின்றது.

“எட்டா, ஒம்பதா?” என்றார் சுயம்பு. “நீ பாதியில எங்கயோ போயிட்டு வந்தே.”

“ஒம்பது.”

“எனக்க கணக்குல ஏழு. கூட வேணும்னா தா, வேண்டான்னு சொல்லல்ல. மாடு ஒனக்க பேரச் சொல்லித் திங்கும்.”

உள்ளேயிருந்து செல்லசாமியின் குரல் வந்தது. “எண்ணம் தவறினா திருப்பித் தட்டு புள்ளே. மொதல்லேருந்து அள்ளு.”

அவள் பையைச் சாக்கில் கவிழ்த்தாள். மறுபடியும் லாபத்திலிருந்து தொடங்கினாள். சுயம்பு போனதும் போனை எடுத்தாள்.

“ஷீனா, நீ செய்யும்போ சுவிட்சு ஆரு தட்டுதா?”

“நான்தான் சேச்சி. எல்லாம் நான்தான்.”

“அவன் இருந்தப்ப நானாக்கும் தட்டினது. அவன் சொல்லுவான், நான் தட்டுவேன். நீ ஒத்தைக்குச் செய்தா அது எப்பிடி அதே மாதிரி ஆவும்? நான் வாறேன். ஞாயிற்றுக்கிழம செய்வோம்.”

“மருந்து ஒரு தடவைக்குத்தான் உண்டு சேச்சி. இது போச்சுன்னா குப்பி காலி. சாரு வெள்ளிக்கிழமையே எழுதணும்னு...”

“சாருட்ட நான் சொல்லிக்கிடுதேன். பொடியச் சோதிச்சுட்டு எழுதட்டு.”

ராஜீவ் சம்மதித்தார். நம்பிச் சம்மதித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. முந்திரி ஆலையின் உயரக் கூரைக்குக் கீழே பம்பு உறுமிக்கொண்டிருந்தது. கருவியில் ஒரு மாற்றம் இருந்தது. முன்பெல்லாம் அழுத்தத்தைக் காட்ட ஒரு முள் மட்டும் உண்டு. தீபு போனபின் ராஜீவ் அதை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார். இனி எல்லாம் தானாகப் பதிவாகட்டும் என்று. வால்வு திறக்கும்போதெல்லாம் திரையில் கோடு கூன்போல் எழும்பி இறங்கும்.

“அத நீ பாத்துக்க. எனக்கு அதப் பாத்தா கை ஓடாது,” என்று அஸ்வதி திரைக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதே ஸ்டூல். மடியில் நோட்டு, காதில் பேனா. ஷீனா ஸ்டாப்வாட்சோடு வெப்பமானிக்கு முன்னால் நின்றாள். தீபு நின்ற இடம்.

“தொறங்க சேச்சி.”

அஸ்வதி தட்டினாள். வாய் தானாக அசைந்தது. பம்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“அடைங்க.”

ஆர்கான் ஓடியது. ஆக்சிஜன் திறந்து மூடியது. மறுபடி ஆர்கான். “தொறங்க.” “அடைங்க.” ஒவ்வொரு காத்திருப்பும் நீண்டது. பேனா நோட்டில் ஒரு கோடு போட்டது. பிறகு இன்னொன்று. ஷீனா வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் கடைசி மருந்து வீண். அவள் நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எத்தன ஆச்சு சேச்சி?”

“ரெண்டு.”

“அப்ப இன்னொண்ணு.”

அந்த வார்த்தை அப்படியே தீபு சொல்வது. அஸ்வதி ஒரு கணம் கையைச் சுவிட்சின்மேலேயே வைத்திருந்தாள். பிறகு தட்டினாள். கடைசி ஆர்கான் ஓடி முடிந்ததும் மூன்றாவது கோட்டைப் போட்டாள்.

“மூணு. முடிஞ்சு.”

ஷீனா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். திரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

“ஐயோ சேச்சி. ஒண்ணு கூடிப்போச்சு.”

“என்னது?”

“நாலு சுத்து. இங்க நாலு. மருந்து மொத்தமும் போச்சே...”

“பைத்தியமா புள்ளே, மூணுதான்.” அஸ்வதி நோட்டை நீட்டினாள். “பாரு, கோடு மூணு.”

“இஞ்ச பாருங்க.” ஷீனா விரலால் திரையில் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மருந்துக்கு ஒரு சின்னக் கூன், ஆக்சிஜனுக்கு ஒரு பெரிய கூன். சின்னது பெரியது, சின்னது பெரியது. ஜோடி நாலு இருந்தன. “மொதல்ல ஒண்ணு. பிறகு இந்தா, ரெண்டு, மூணு, நாலு.”

“மொதல்ல உள்ளதையும் எண்ணினியா?”

“எண்ணாம?”

“அது லாபமில்லியா?” என்றாள் அஸ்வதி.

“எந்து லாபம்?”

அஸ்வதிக்கு எரிச்சலாக இருந்தது. பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். “மொதல்ல அள்ளுயது லாபம். அத ஆராவது எண்ணுவினுமா? அதுக்குப் பிறகுதான் ஒண்ணு.”

சொல்லி முடித்தபோதுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அந்த ஊர்ச் சந்தையில் எல்லாரும் முதல் படியை லாபம் என்றுதான் சொல்வார்கள். ஒன்று என்று ஆரம்பிக்கக் கூடாது. ஆனால் மற்றக் கடைகளில் லாபத்துக்கு அடுத்தது இரண்டு. கணக்கில் ஒன்றும் மாறாது. செல்லசாமி கடையில் மட்டும் லாபத்துக்கு அடுத்தது ஒன்று. முதல் படி வாங்குகிறவனுக்கு, அவன் வீட்டு மாட்டுக்கு. கடை தொடங்கிய நாளில் அவர் வைத்த வழக்கம் அது. அஸ்வதி எண்ணக் கற்றதே அந்தப் படியின் பக்கத்தில் நின்றுதான். பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு, ஸ்கூட்டரை ஓட்டும்போது வரும் கிலோமீட்டர்க் கணக்கு வேறு. கையால் ஒன்றைத் திறந்து ஒன்றில் விடும்போது மட்டும் அவள் வாய் லாபம் என்றுதான் தொடங்கும். அதற்கு அவளைக் கேட்க வேண்டியதில்லை.

“எல்லாத் தடவயும் இப்பிடியா சேச்சி?” ஷீனாவின் குரல் மாறியிருந்தது.

“எல்லாத் தடவயும்.”

“தீபுவேட்டன் இருந்தப்பவும்?”

“எல்லாத் தடவயும்னு சொன்னேன்ல.”

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அதற்கு வந்து சேர்ந்தார்கள். மூன்றுக்குப் பதில் நாலு. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஷீனா ஸ்டாப்வாட்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். அஸ்வதி சுவரோரமாக நடந்தாள். அந்த முனை வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள்.

பொடியைச் சோதிக்க இரண்டு நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை பகல், கடையில் பிண்ணாக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஷீனாவின் குரல் செய்தி வந்தது. “சேச்சி, நூத்திப் பன்னெண்டு டிகிரி. வேல செய்யுது. கேக்குதா? வேல செய்யுது!”

அஸ்வதி லாரிக்காரனைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். ராஜீவ் அறையில் அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். லாபம், படி, அப்பாவின் கடை. அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

“நான் எங்க தாத்தா அறைப்புரையில நெல்லளக்குறதப் பாத்து வளந்தவன்,” என்றார். “லாபம், ரெண்டு, மூணு. எனக்கு இது தோணவே இல்லியே.”

“தோணாது சாரே. ஒங்க வீட்டுல அடுத்தது ரெண்டு.”

“இத நான் பத்திரிகைக்கு எப்பிடி எழுதுவேன்?”

“உள்ளத உள்ளபடி எழுதுங்க. எண்ணினவளுக்க தப்புன்னு எழுதுங்க. எனக்க பேரையும் போட்டு எழுதுங்க.” அவள் குரல் உயர்ந்தது. “நான் சத்தியம் பண்ணினேன். நீங்க அத நம்பினிய. அவன் கள்ளன்னு ஆயிருப்பான். நான் பண்ணின சத்தியத்தாலயாக்கும்.”

“மெதுவா, அஸ்வதி. இருங்க. வெள்ளம் குடிங்க.”

அவள் குடிக்கவில்லை. செருப்பை வாங்கிய தப்புக்குத் திருத்தம் எழுதி அனுப்ப ஒரு முகவரி கிடையாது. இதற்கு இருந்தது. அது அன்றைக்கே போக வேண்டும் என்று நின்றாள். ராஜீவ் எழுதி முடித்து, படித்துக்காட்டி, அனுப்பும் வரை நின்றாள். தானியம் அளக்கும் உள்ளூர் வழக்கப்படி முதல் சுற்றைச் சுவிட்சு இயக்கியவர் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை, ஆகவே கட்டுரையில் மூன்று என்றிருக்கும் இடத்தில் எல்லாம் நான்கு என்று கொள்ள வேண்டும், முடிவுகளில் மாற்றம் இல்லை. இவ்வளவுதான் விஷயம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். செல்லசாமி கட்டிலில் முட்டியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“அப்ப அந்த மொதல் படிதான் காரியத்த நடத்தியிருக்கு.”

“ஆமா.”

“அவனும் இந்தக் கடையில வளந்தவன்தானே. நீ லாபம்னு சொல்லுயது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?”

“பம்பு சத்தம் போடும்ப்பா. எனக்கே கேக்காது.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பான்.”

“சொல்லியிருப்பான்.”

“கேட்டிருந்து, அக்கா சொல்லுயது அப்பிடித்தான்னு விட்டிருப்பானோ?”

அதற்குப் பதில் தீபுவிடம் மட்டும்தான் இருக்க முடியும். இரண்டு வாரம் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அவன் பெரும்பாலும் படிப்பில் கிடந்தவன், கடைப்படியைத் தொட்டவனில்லை. ஆனால் காது உள்ளவன். இல்லை, கேட்டிருக்க மாட்டான். கேட்டிருப்பான், சிரித்திருப்பான். அப்படியென்றால் கட்டுரையில் ஏன் மூன்று என்று எழுதினான்? கேட்டிருக்க மாட்டான். தவிட்டை அளக்கும்போதும் இதே, வண்டி ஓட்டும்போதும் இதே.

வெளிநாட்டுக் கூட்டத்தார் நாலு சுற்றுச் செய்து பார்த்து, தங்களுக்கும் வருகிறது என்று எழுதினார்கள். பத்திரிகை திருத்தத்தை ஒரு சின்னக் குறிப்பாகப் போட்டது. கட்டுரையைத் திரும்ப எடுக்கச் சொல்லவில்லை. ஷீனா அதை அச்சடித்துக் கடைக்குக் கொண்டுவந்தாள். அஸ்வதி படித்துவிட்டு நாலாக மடித்து மேசை அறையில் வைத்தாள். வைத்ததை எடுத்து மறுபடி படித்தாள்.

மார்கழியில், தனு மாதத்தில், புது மருந்துக் குப்பி வந்தது. வால்வுகளைத் தானே இயக்கும் பெட்டி வாங்க டிரஸ்ட் இன்னும் சம்மதிக்கவில்லை. ஷீனாவுக்கு இரண்டாவது ஆள் வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை அஸ்வதி போனாள். ஷீனா நோட்டின் மேல்பக்கத்தில் சிவப்புமையில் ‘எல்லாவற்றையும் எண்ணவும்’ என்று எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தாள்.

“என்னப் பாத்தா எழுதினே?”

“நம்ம ரெண்டு பேருக்குமாக்கும் சேச்சி.”

மாவைக் குழாயில் இட்டு, மூடியை முறுக்கி, ஷீனா பம்பைப் போட்டாள். தரையில் அதிர்வு வந்தது. வெற்றிடம் வந்து சேராமல் எதையும் தொடக்கூடாது. அஸ்வதி ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல்வரை போய்வந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“எவ்வளவு நேரமாவும்?” என்று கேட்டாள், தெரியாதவள்போல.

“இருபத்திரெண்டு நிமிஷம்,” என்றாள் ஷீனா.

தீபு இருந்தபோதும் அதே இருபத்திரண்டு நிமிடம்தான்.